ராஜகம்பீரன் என்றொரு பெயர்

முகூர்த்த நாளில் ஐயப்பன்தாங்கல் பக்கம் ஏதாவதொரு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால் மேடை நடுவே சிவப்பு வெல்வெட் போர்த்திய அகல நாற்காலி இருக்கும். கைப்பிடி இரண்டிலும் சிங்கமுகம், மேலே பொன்வண்ணப் பூச்சு. நாள் வாடகைக்கு வந்த சரக்குதான். மாப்பிள்ளை அதில் உட்கார்ந்ததும் முன்வரிசைப் பெரியவர் யாராவது, “என்ன ராஜகம்பீரம் பாருங்க!” என்பார். பட்டு வேட்டி விளம்பரம், ஜல்லிக்கட்டுக் காளை, கட்சித் தலைவரின் நடை என்று எதற்கும் இன்று இந்தச் சொல் ஓடிவந்து ஒட்டிக்கொள்கிறது.

எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இதை இப்படி வாரி இறைத்திருக்க முடியாது. அன்று அது அரசர்களின் விருதுப்பெயர்.

வடமொழியில் கம்பீரம் என்றால் முதலில் ஆழம். ஆழமான நீர், அடிவயிற்றிலிருந்து வரும் குரல், உள்ளே இருப்பதை முகத்தில் காட்டாத மனம் எல்லாம் அதில் அடக்கம். தமிழுக்கு வந்தபின் அது நிமிர்ந்து நின்றுவிட்டது; கோபுரத்துக்கும் மீசைக்கும் பொருந்தும் சொல்லாயிற்று. பழைய பொருளின் வாசனை இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருப்பது இசையில். சுவாமி புறப்பாட்டில் நாகஸ்வரக்காரர்கள் மல்லாரி வாசிக்கும் ராகம் கம்பீரநாட்டை. தவில் அதிர அதைக் கேட்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இந்தப் பெயரைச் சூடிய அரசர்களில் கண்ணால் பார்க்கும்படி அடையாளம் விட்டுச் சென்றவன் இரண்டாம் ராஜராஜன். 12ஆம் நூற்றாண்டின் நடுவில் சோழ நாட்டை ஆண்டவன். கும்பகோணத்தை ஒட்டிய தாராசுரத்தில் அவன் எடுப்பித்த கோயிலுக்கு ராஜராஜேச்சரம் என்று பெயர். இப்போது ஐராவதேசுவரர் கோயில். அதன் முன்மண்டபத்துக்கு ‘ராஜகம்பீரன் திருமண்டபம்’ என்றே பெயர் வைத்தார்கள். மண்டபத்தைத் தேராகவே சமைத்திருக்கிறார்கள். பக்கச் சுவரில் கல்சக்கரம், அதை இழுத்துக்கொண்டு பாயும் குதிரை. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் 200 அடியைத் தாண்டி நிற்க, இங்கே விமானம் ஏறக்குறைய 80 அடிதான். பாட்டன் முப்பாட்டன் காலத்துப் படைபலமும் பரப்பும் சுருங்கிவந்த நாளில் கட்டிய கோயில் இது. உயரத்தில் விட்டதைத் தூணுக்குத் தூண் நுணுக்கத்தில் பிடித்தார்கள் என்று சொன்னால் தவறாகாது. 2004இல் இதுவும் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

மண்டபத்தை வியந்து முடித்தவர்கள் பெரும்பாலும் கருவறைச் சுவரின் அடிப்பகுதியைக் குனிந்து பார்க்காமல் திரும்பிவிடுகிறார்கள். அங்கேதான் நாயன்மார்களின் கதைகள் சிறுசிறு சிற்பங்களாக வரிசை கட்டியிருக்கின்றன. முதலை விழுங்கிய சிறுவனைச் சுந்தரர் மீட்கும் காட்சியும் அவற்றில் ஒன்று. குயவர், வண்ணார், வேடர், மீனவர் எல்லோரும் அரசனின் கோயிலில் இடம்பிடித்துவிட்டார்கள். பெரிய புராணம் அரங்கேறி ஒரு தலைமுறைகூடச் சரியாகக் கழியாத காலம் அது.

அந்த நூலைப் பாடிய சேக்கிழார், ஐயப்பன்தாங்கலுக்குப் பக்கத்துக் குன்றத்தூர்க்காரர். குமணன்சாவடியில் திரும்பி மாங்காடு வழியாகப் போனால் சீக்கிரமே வந்துவிடும். இரண்டாம் ராஜராஜனின் தந்தை இரண்டாம் குலோத்துங்கனிடம் அமைச்சராக இருந்தவர். ‘உத்தமசோழப் பல்லவராயன்’ பட்டம் பெற்றவர். சோழநாட்டில் தாம் கண்டு உருகிய திருநாகேச்சுரத்தின் நினைவாகச் சொந்த ஊரில் ஒரு நாகேச்சுரம் கட்டினார். அது இன்றும் குன்றத்தூரில் வழிபாட்டில் இருக்கிறது.

உமாபதி சிவம் பாடியதாகக் கருதப்படும் சேக்கிழார் புராணம் ஒரு காட்சியைச் சொல்கிறது. சிதம்பரத்தில் நூல் அரங்கேறியதும் ஏட்டையும் சேக்கிழாரையும் பட்டத்து யானைமேல் ஏற்றினார்கள். பின்னால் ஏறி உட்கார்ந்த குலோத்துங்கன் தன் கையாலேயே அவருக்குச் சாமரம் வீசினான். கொற்றக்குடை, முரசு, சாமரம் மூன்றும் அரசனுக்கே உரியவை என்றிருந்த காலத்தில் சாமரக் காம்பை அரசனே பிடித்தான் என்பது சின்ன விஷயமில்லை. நடந்தது அப்படியேதானா என்று வரலாற்றுக்காரர்கள் கேட்கலாம்; சாமரம் யார் கையில் இருக்கிறது என்பதை ஊர் எவ்வளவு கூர்ந்து கவனித்தது என்பதற்கு இந்தக் கதையே போதும்.

பெயர் சோழர்களோடு நிற்கவில்லை. 1190 வாக்கில் மதுரையில் பட்டமேறிய சடையவர்மன் குலசேகர பாண்டியனும் ராஜகம்பீரன்தான். மானாமதுரைக்குப் பக்கத்தில் இராஜகம்பீரம் என்ற ஊர் இன்றும் இருக்கிறது. வடக்கே படைவீட்டில் 13ஆம் நூற்றாண்டில் ராஜகம்பீரச் சம்புவராயர் ஆண்டார். சோழரின் கீழிருந்த குறுநிலத் தலைவர் குடும்பம் அது. மேலிருந்தவர்கள் தளர்ந்ததும் பெயர் கீழிறங்கி வந்தது. அவர்கள் ஆண்ட சீமையே ராஜகம்பீர ராஜ்யம் ஆயிற்று. 14ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்துக் குமார கம்பணன் படையெடுத்து வந்து அதைப் பிடித்தான். அவன் மனைவி கங்காதேவி அந்தப் போரையெல்லாம் ‘மதுராவிஜயம்’ என்ற வடமொழிக் காவியமாகப் பாடினாள்.

அரச ஆடம்பரத்துக்கு எதிர்வாதம் வைத்த ஆளும் ஐயப்பன்தாங்கல் வட்டாரத்துக்காரரே. ஆவடியைத் தாண்டினால் திருநின்றவூர். அங்கே கோயில் கட்டக் கையில் காசில்லாத பூசலார் நாயனார், கல்லும் மரமும் தச்சரும் எல்லாவற்றையும் மனத்துக்குள்ளேயே சேர்த்து, அடிக்கல் முதல் சிகரம் வரை எழுப்பி, குடமுழுக்குக்கு நாளும் குறித்துவிட்டார். காஞ்சியில் பல்லவ அரசன் பெரும் பொருள் செலவிட்டுக் கட்டிய கற்கோயிலுக்கும் அதே நாள். சிவன் அரசன் கனவில் வந்து, அன்றைக்கு நின்றவூரில் வேலை இருக்கிறது, உன் விழாவை வேறு நாளுக்கு மாற்றிக்கொள் என்று சொல்லிவிட்டார். அரசன் அந்தக் கோயிலைத் தேடிக்கொண்டு நின்றவூர் வந்தால், ஊரில் ஒருவருக்கும் அப்படியொரு கோயிலைத் தெரியவில்லை.

இதைச் சோழ அரசவையில் எழுதத் துணிந்தவர் அமைச்சரான சேக்கிழார். திருநின்றவூரில் இப்போது இருதயாலீசுவரர் கோயில் இருக்கிறது. கருவறைக்குள் லிங்கத்துக்குப் பக்கத்தில் பூசலாரும் நிற்கிறார். இதய நோய்க்காரர்கள் ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் வந்து அர்ச்சனை செய்துவிட்டுப் போகிறார்கள்.