கண் வறட்சிக்கு எந்தச் சொட்டு மருந்து? ஒரு நூறு வருஷக் கதை

போன வாரம் ஓபியில் ஒரு அக்கா. ஐம்பதை ஒட்டிய வயசு, தையல் வேலை. பையிலிருந்து மூணு கண் சொட்டு மருந்து பாட்டிலை எடுத்து மேசையில் வச்சாங்க.

"இதுல எது சார் நல்ல மருந்து? இது கண் டாக்டர் எழுதினது, போட்டா எரியுது, நிறுத்திட்டேன். இது சும்மா தண்ணி மாதிரி இருக்கு. இது மெடிக்கல்ல குடுத்தது. இதைப் போட்டாத்தான் உடனே சுகமா இருக்கு."

உடனே சுகம் தந்த அந்த மூணாவது பாட்டில் ஸ்டீராய்டு. நாலு மாசமா போட்டுட்டு இருக்காங்க.

நான் கண் மருத்துவர் இல்லை, எம்பிபிஎஸ். ஆனா இந்த மூணு பாட்டிலும் எங்கிருந்து வந்ததுன்னு தெரிஞ்சா, எதை எதுக்குப் போடணும்னு உங்களுக்கே புரிஞ்சிடும். வாங்க.

1/
1903. ஜெர்மன் கண் மருத்துவர் ஓட்டோ ஷிர்மர் ஒரு எளிய சோதனையைச் சொன்னார். சின்னத் தாள் பட்டை ஒன்றைக் கீழ் இமையில் மாட்டி, 5 நிமிஷத்தில் எத்தனை மில்லிமீட்டர் நனையுதுன்னு பார்க்கணும். அவ்வளவுதான். இன்னைக்கும் இதே சோதனை நடக்குது.

2/
1933. ஸ்வீடனின் ஹென்ரிக் ஷோக்ரென், கண் வறண்ட 19 பெண்களைப் பற்றி ஆய்வேடு எழுதினார். அவங்கள்ல பலருக்கு மூட்டு வலியும் இருந்தது, வாயும் வறண்டிருந்தது. "இது கண்ணோடு நிக்கிற நோய் இல்லை, உடம்பு முழுக்க இருக்கிற நோய்" என்பது அவர் வாதம். பல்கலைக்கழகம் குறைந்த மதிப்பெண்தான் போட்டது. கற்பிக்கும் தகுதிகூடக் கிடைக்கலை. இன்னைக்கு அந்த நோய்க்கே அவர் பெயர்!

3/
அவர் கொடுத்த துப்பைப் பிடிக்காம, மருத்துவம் வேற வழியில் போச்சு. கண்ணீர் குறையுதா? ஊத்திக் கொடுப்போம்.

உப்புத் தண்ணி ஊத்தினா வழிஞ்சு ஓடிடும். 1945-ல் அமெரிக்காவின் கென்னத் ஸ்வான், மெத்தில் செல்லுலோஸ் என்ற வழவழப்பான பொருளைக் கண்ணுக்குப் பயன்படுத்தினார். அதனால் சொட்டு கொஞ்ச நேரம் தங்குச்சு. அதோட சொந்தக்காரர்தான் இப்போ பாட்டில்களில் நீங்க பார்க்கிற கார்பாக்சி மெத்தில் செல்லுலோஸ். இன்னொன்று ஹையலூரோனேட். 1934-ல் மாட்டுக் கண்ணிலிருந்து முதலில் பிரிச்செடுத்தாங்க.

இதுல எது உசத்தி? 2016-ல் 43 ஆய்வுகளை ஒண்ணா வச்சுப் பார்த்தும், ஒன்று மற்றதை விட மேல்னு உறுதியாச் சொல்ல முடியலை. அதனால விலையைப் பார்த்துக் கவலைப்படாதீங்க. ஒரே ஒரு விஷயம்: பல பாட்டில்களில் பென்சல்கோனியம் குளோரைடுன்னு ஒரு கெடாமப் பாதுகாக்கும் பொருள் இருக்கும். ஒரு நாளைக்கு 4 முறைக்கு மேல போட்டா அதுவே கண்ணை உறுத்தும். அப்படிப்பட்டவங்க அது இல்லாததைக் கேட்டு வாங்கணும்.

4/
இப்போ அக்காவுக்கு எரிஞ்ச பாட்டிலுக்கு வருவோம்.

1969. ஸ்விட்சர்லாந்தின் சாண்டோஸ் கம்பெனி ஊழியர் ஒருவர் விடுமுறைக்கு நார்வே போன இடத்தில் கொஞ்சம் மண் அள்ளிட்டு வந்தார். அதிலிருந்த பூஞ்சையிலிருந்து வந்ததுதான் சைக்ளோஸ்போரின். நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து. மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமக் காத்தது இதுதான்.

இதுக்கும் கண்ணுக்கும் முடிச்சுப் போட்டவர் ஒரு கால்நடை மருத்துவர். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ரெனே காஸ்வன். நாய்களுக்கும் கண் வறட்சி வரும். உடம்போட எதிர்ப்புச் சக்தியே கண்ணீர்ச் சுரப்பியைத் தாக்குதுன்னு கணிச்சு, 1980களில் இந்த மருந்தைச் சொட்டா விட்டுப் பார்த்தார். நாய்களுக்குக் கண்ணீர் மறுபடி ஊறுச்சு. ஷோக்ரென் காட்டிய திசைக்கு மருத்துவம் திரும்பி வர அரை நூற்றாண்டு ஆச்சு.

5/
மனுஷங்களுக்கு அமெரிக்காவில் அனுமதி 2002 டிசம்பரில். அற்புத மருந்தான்னு கேட்டா, இல்லை. 6 மாசம் போட்டதில், ஷிர்மர் தாள் 10 மில்லிமீட்டர் கூடுதலா நனைஞ்சது 100-க்கு 15 பேருக்கு. மருந்தில்லாத சொட்டு போட்டவங்கள்ல 5 பேருக்கு. 100-க்கு 17 பேருக்கு எரிச்சல்.

அதாவது எரியலாம். பலன் தெரிய மாசக் கணக்காகும். இதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தா அந்த அக்கா பாட்டிலை ஓரம் கட்டியிருக்க மாட்டாங்க. இது எங்க பக்கத்துத் தப்பு.

6/
ஸ்டீராய்டு? அதுவும் அழற்சியைத்தான் அடக்குது, அதுவும் ரொம்ப வேகமா. கண் மருத்துவர் மேற்பார்வையில் சில வாரம் போடுறது சரி. மாசக் கணக்கில் போட்டா கண் அழுத்தம் சத்தமில்லாம ஏறி, நரம்பு போயிடும். போன பார்வை திரும்பாது. கண்புரையும் வரும்.

ஆக,
தண்ணி மாதிரி இருக்கிறது: அப்போதைக்கு ஈரம்.
எரியிறது: மெதுவா, காரணத்துக்கான வைத்தியம்.
உடனே சுகம் தர்றது: டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் மட்டும்.

அக்காவைக் கண் பிரிவுக்கு அனுப்பினேன். பிரஷர் கொஞ்சம் ஏறியிருந்தது, நல்லவேளை நரம்பு தப்பிச்சது.

அனுப்புறதுக்கு முன்னாடி ரெண்டே கேள்வி கேட்டேன். "வாய் வறண்டு போகுதாக்கா? மூட்டு வலிக்குதா?"

"ஆமா சார், தண்ணி இல்லாம ஒரு வாய் சோறு இறங்க மாட்டேங்குது. விரல் எல்லாம் காலையில மடக்க முடியலை. கண்ணுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

1933-ல் ஷோக்ரென் சொன்ன சம்பந்தம்தான். ரத்தப் பரிசோதனைக்கு எழுதியிருக்கேன்.

உங்களுக்கும் கண், வாய், மூட்டு மூணும் சேர்ந்து தொல்லை தந்தா, மெடிக்கலில் நிக்காதீங்க. ஓபிக்கு வாங்க.