கார்பன் டை ஆக்சைடில் இலைகளின் தடம்: ஓர் அறிவியல் வரலாறு

உலகத் தாவரங்கள் ஓராண்டில் எவ்வளவு கார்பனை உட்கொள்கின்றன? ஒவ்வொரு மரத்தையும் அளக்க இயலாது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடின் ஆக்சிஜன் அணுக்களிலிருந்தே இதற்கு விடை தேடலாம் என்பதை அறிவியலாளர்கள் படிப்படியாகக் கண்டறிந்தனர்.

1929-இல் அமெரிக்க வேதியியலாளர்கள் வில்லியம் ஜியோக், ஹெரிக் ஜான்ஸ்டன் ஆகியோர் ஆக்சிஜன்-18 என்னும் ஐசோடோப்பைக் கண்டுபிடித்தனர். இது சாதாரண ஆக்சிஜன்-16-ஐவிடக் கனமானது. சுமார் 500 ஆக்சிஜன் அணுக்களில் ஒன்றே இவ்வகை. கனமான நீர் மூலக்கூறுகள் மெதுவாகவே ஆவியாகும். இதை 1965-இல் ஹார்மன் கிரெய்க், லூயி கார்டன் ஆகியோர் கணித முறையில் விளக்கினர்.

தாம்பரத்தில் சென்னைக் கிறித்துவக் கல்லூரி வளாகப் புதர்க்காட்டை எடுத்துக்கொள்வோம். மே மாத முற்பகலில் வறண்ட மேற்குக் காற்று வீசும்போது இலைகளிலிருந்து லேசான நீரே மிகுதியாக வெளியேறும். எஞ்சும் நீரில் ஆக்சிஜன்-18-இன் விகிதம் உயரும். பிற்பகலில் கடற்காற்று ஈரத்தைக் கொண்டுவந்தால் அந்த உயர்வு குறையும்.

இலைத்துளை வழியே நுழையும் கார்பன் டை ஆக்சைடு இந்த நீரில் கரைகிறது. கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்னும் நொதியின் உதவியால், நீருக்கும் வாயுவுக்கும் இடையே ஆக்சிஜன் அணுக்கள் விரைவாக இடம் மாறுகின்றன. நுழைந்த வாயுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ஒளிச்சேர்க்கையில் பயன்படுகிறது. மீதி, இலைநீரின் அடையாளத்தோடு காற்றுக்குத் திரும்புகிறது. மண்ணிலிருந்து வரும் வாயுவோ மண்நீரின் அடையாளத்தைத் தாங்கி வரும்.

1987-இல் ரோஜர் ஃபிரான்சி, பீட்டர் டான்ஸ் ஆகியோர், வட, தென் அரைக்கோளக் காற்றுகளுக்கு இடையே ஆக்சிஜன்-18 அளவு வேறுபடுவதற்கு இலைநீர்ப் பரிமாற்றமே முக்கியக் காரணம் என்றனர். 1993-இல் ஆஸ்திரேலியாவின் கிரஹாம் ஃபார்குவர் குழுவினர் தாவரங்களின் பங்கை உலக அளவில் கணக்கிட்டுக் காட்டினர்.

அதே ஆண்டில் இந்தியாவிலும் அளவீடு தொடங்கியது. கோவாவின் கபோ தெ ராமா கடற்கரையில் குடுவைகளில் சேகரித்த காற்று, ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வகத்தில் பகுப்பாய்வு செய்யப்பட்டது. தென்மேற்குப் பருவக்காலத்தில் அங்கு அரபிக்கடல் காற்று வீசும். குளிர்காலத்தில் நாட்டின் உட்பகுதிக் காற்று வரும். ஆகவே ஒரே இடத்தில் கடலின் தடத்தையும் நிலத்தின் தடத்தையும் ஒப்பிட முடிந்தது.

2011-இல் லிசா வெல்ப் குழுவினர் முப்பது ஆண்டு அளவீடுகளை எல் நினோவோடு ஒப்பிட்டனர். அதுவரை தாவரங்கள் ஆண்டுக்குச் சுமார் 12,000 கோடி டன் கார்பனை உட்கொள்வதாகக் கருதப்பட்டது. இவர்களது மதிப்பீடோ 15,000 முதல் 17,500 கோடி டன்.

இவ்வளவு பெரிய இடைவெளி இருந்தால், வெப்பமடையும் உலகில் தாவரங்கள் எப்படி நடந்துகொள்ளும் என்னும் கணிப்பும் தடுமாறும். எல் நினோவின் தாக்கம் வெப்பமண்டல மழையிலும் காற்றின் ஈரப்பதத்திலும் வலுவாகத் தெரிவதால், நம்மைப் போன்ற வெப்பமண்டல நாடுகளின் தொடர்ச்சியான அளவீடுகள் இக்கணக்கிற்கு இன்றியமையாதவை.