கண்ணுக்குத் தெரியாத பிழைப்பு: பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டமும் குற்றவியலின் எல்லையும்

பிச்சையெடுத்தல் என்றால் என்ன? 1959ஆம் ஆண்டின் பம்பாய்ப் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் இதற்கு ஐந்து விடை தருகிறது. பொது இடத்தில் கையேந்துவது முதல் விடை. பாட்டு, ஆட்டம், குறி சொல்லுதல், வித்தை காட்டுதல், சாமான் விற்றல் ஆகியவற்றைச் சாக்காக வைத்து இரந்தாலும் அது பிச்சையே. நான்காவது விடை விசித்திரமானது: கண்ணுக்குத் தெரியும் பிழைப்பு வழி இல்லாமல், இரந்து வாழ்பவர் என்று எண்ணத்தக்க கோலத்தில் பொது இடத்தில் திரிவதும் தங்குவதுமே பிச்சையெடுத்தல். இங்கே கேட்டவரும் இல்லை, கொடுத்தவரும் இல்லை. தண்டனைக்குரியது செயலன்று, தோற்றம்.

‘கண்ணுக்குத் தெரியும் பிழைப்பு வழி’ என்ற தொடர் பம்பாயில் பிறந்ததன்று. இங்கிலாந்தில் 1824இல் திரிவோரை ஒடுக்க இயற்றிய சட்டத்திலேயே அது இருந்தது. யாருடைய கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதே கேள்வி. திருட்டில் பறிகொடுத்தவர் புகார் கொடுக்கிறார். அடிதடியில் காயம் பேசுகிறது. பாதிக்கப்பட்டவரே இல்லாத இக்குற்றத்தில் காவலரின் பார்வையே புகாராகிறது, சாட்சியமும் ஆகிறது. பிடியாணையின்றிக் கைது செய்யவும் அவருக்கு அதிகாரம் உண்டு. வேலை தேடி வந்து, அழுக்கு வேட்டியோடு நடைபாதையில் படுத்திருக்கும் கூலியாள் அந்தப் பார்வைக்கு யாராகத் தெரிவார்? முதல்முறை குற்றம் உறுதியானால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை காப்பகத்தில் அடைக்கலாம். திரும்பத் திரும்பச் சிக்குபவரை 10 ஆண்டு வரை அடைக்கச் சட்டம் இடம் தருகிறது.

2018 ஆகஸ்ட் 8 அன்று தில்லி உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் கீதா மித்தல், ஹரி சங்கர் அமர்வு, தில்லிக்கு நீட்டிக்கப்பட்டிருந்த இச்சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளைச் செல்லாதவை என்றது. சோறும் இருப்பிடமும் உறுதிசெய்யத் தவறிய அரசு, அவை இல்லாதவரையே தண்டிப்பது அரசமைப்பின் 14, 21ஆம் கூறுகளுக்கு முரண் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டு ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றமும் அங்கிருந்த 1960ஆம் ஆண்டுச் சட்டத்தை ரத்து செய்தது.

சட்டத்தை எடுத்துவிட்டால், குழந்தைகளைப் பிச்சைக்கு விடும் கும்பல்களுக்குக் கொண்டாட்டம்தானே என்பார்கள். கவலை நியாயமானது, விடை தில்லித் தீர்ப்பிலேயே இருக்கிறது. பிறரைப் பிச்சையெடுக்க வைப்பதைத் தண்டிக்கும் 11ஆம் பிரிவில் நீதிமன்றம் கை வைக்கவில்லை. அங்கே துன்புறுத்துபவர் உண்டு, துன்புறுபவர் உண்டு. குற்றவியலுக்கு வேலையும் உண்டு. தெருவில் நிற்கும் கிழவியிடம் அதற்கு வேலையில்லை. அவருக்கு வேண்டியவை ரேஷன் அட்டையும் முதியோர் உதவித்தொகையும் இரவுக் காப்பகமும். இம்மூன்றையும் எந்தக் காவல் நிலையமும் வழங்குவதில்லை.

ஆகவே, தீங்கு இன்னாருக்கு என்று சுட்டிக் காட்ட முடியாத இடத்தில் குற்றவியல் சட்டம் விலகி நிற்க வேண்டும். இதை வழக்குக்கு வழக்கு நீதிமன்றங்கள் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. சட்டமன்றங்களே அப்பிரிவுகளை நீக்க வேண்டும். தில்லி உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு, அச்சட்டம் பிறந்த மகாராஷ்டிரத்தைக் கட்டுப்படுத்தாது.