ரவுட்டர் எரிந்துபோனால் என்ன ஆகும்? 'கான்ஃபிக் பேக்கப்' தானாக நடப்பது எப்படி?

2021 அக்டோபர் 4-ம் தேதி ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகம் முழுவதும் சுமார் 6 மணி நேரம் முடங்கின. சைபர் தாக்குதல் அல்ல. பராமரிப்புப் பணியின்போது கொடுக்கப்பட்ட ஒரு கட்டளைதான் காரணம் என அந்நிறுவனம் விளக்கம் அளித்தது. நெட்வொர்க்கில் ஒரு வரி தவறினாலும் இந்த நிலைமைதான். சரியாக இயங்கிய பழைய வரிகள் கையில் இருந்தால் மீள்வது எளிது. அதற்குத்தான் கான்ஃபிக் பேக்கப்.

கான்ஃபிக் என்றால் என்ன?

தகவல் எந்த வழியில் போக வேண்டும், யாரை அனுமதிக்க வேண்டும் என ரவுட்டருக்கும் ஸ்விட்சுக்கும் சொல்லும் உத்தரவுகளின் தொகுப்பே கான்ஃபிகரேஷன். பெரும்பாலும் வெறும் டெக்ஸ்ட்தான். கருவி எரிந்துபோனால் புதுசு வாங்கிடலாம். வருஷக்கணக்கில் சேர்த்த அந்த வரிகளைக் கடையில் வாங்க முடியாது.

சிஸ்கோ கருவிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. செய்த மாற்றம் முதலில் 'ரன்னிங் கான்ஃபிக்'கில் மட்டுமே இருக்கும். அதை 'ஸ்டார்ட்அப் கான்ஃபிக்'கில் சேவ் செய்யாமல் விட்டால், கரண்ட் போய் வந்ததும் மாற்றம் போச்சு!

தானாக எடுப்பது எப்படி?

ரான்சிட், ஆக்ஸிடைஸ்ட் போன்ற இலவச மென்பொருள்கள் இதற்கென்றே உள்ளன. கருவிகளின் பட்டியலைக் கொடுத்தால், ஒவ்வொன்றிலும் எஸ்எஸ்எச் வழியாக லாகின் செய்து கான்ஃபிக்கை எடுக்கும். பழசோடு ஒப்பிட்டு, மாற்றம் இருந்தால் 'கிட்' களஞ்சியத்தில் புதிய பதிப்பாகச் சேமிக்கும். ஆக்ஸிடைஸ்ட் இதை வழக்கமாக 1 மணி நேரத்துக்கு ஒருமுறை செய்யும். எந்த வரி, எப்போது மாறியது என்பதும் தெரிந்துவிடும்.

கவனிக்க வேண்டியவை

* கான்ஃபிக்கில் பாஸ்வேர்டுகளும் இருக்கும். சிஸ்கோவின் 'டைப் 7' பாஸ்வேர்டை நொடிகளில் கண்டுபிடித்துவிடலாம். எனவே பேக்கப்பை எல்லோருக்கும் திறந்துவிடக் கூடாது.
* பேக்கப் எடுக்க முடியாத கருவி பற்றி உடனே எச்சரிக்கை வர வேண்டும்.
* மாற்றுக் கருவியில் ஏற்றி, வேலை செய்கிறதா என அவ்வப்போது சோதிக்க வேண்டும்.

எங்கே வைப்பது?

2021-ல் நெட்வொர்க்கே முடங்கியதால், ஃபேஸ்புக் பொறியாளர்கள் டேட்டா சென்டருக்கு நேரில் போக வேண்டியதாயிற்று. பேக்கப்பும் அதே நெட்வொர்க்குக்குள் மட்டும் இருந்தால், தேவைப்படும் நேரத்தில் எட்டாது. ஒரு பிரதியாவது வெளியே இருக்கட்டும்.