தட்டில் நின்ற குரல்கள்

1902-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் பாடகியார் ஒலிவாங்கும் புனலின் முன் பாட, பிரெட் கெயிஸ்பெர்க் என்பவர் அதனைப் பதிவு செய்தார். தட்டுகள் அச்சானதோ ஜெர்மனியின் ஹானோவர் நகரில். 1908-இல் சியால்தாவில் தொழிற்சாலை எழுந்த பின்னரே அவ்வேலை இந்நாட்டில் நடக்கலாயிற்று.

தட்டின் மூலப்பொருள் நம் நாட்டுக் காடுகளில் விளையும் அரக்கே! அதனுடன் கற்பொடியும் கலந்தனர். எஃகு முள்ளை அப்பொடியே தேய்த்துத் தட்டின் பள்ளத்திற்கு இசைய ஆக்கும்; ஆதலால் பக்கத்திற்கொரு முள் மாற்றுதல் வேண்டும். ஒரு பக்கம் மூன்று நிமிடத்திற்குச் சற்றேறக்குறைய ஓடும். அச்சிறு பொழுதில் இராகத்தைச் சுருக்கிக் காட்டிய வித்துவான்களின் திறமையை என்னென்பது! 1933-இல் இளவயதிலேயே மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் குரல் இன்றும் நம் செவிக்கு எட்டுவது இத்தட்டுகளால்தான்.

1948-இல் அமெரிக்கக் கொலம்பியா நிறுவனம் வினைல் நெடுந்தட்டை வெளியிட்டது. நிமிடத்திற்கு 33⅓ சுற்று. பக்கத்திற்கு இருபது நிமிடத்திற்கு மேல் இசை. 1963-இல் எம். எஸ். சுப்புலட்சுமி அவர்களின் சுப்ரபாதம் நெடுந்தட்டாகவே இல்லங்களை அடைந்தது.

பாட்டனார் சேர்த்த தட்டுகளைப் பரணிலிருந்து இறக்கும் அன்பர்கள், விலை மலிவு என்று கண்டதை வாங்கிவிடலாகாது. 78 சுற்று வேகமும், மாற்றத்தக்க ஊசியும், ஊசிக்கையின் பாரத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் உடைய கருவியே போதும்; அலங்காரப் பெட்டி தேவையில்லை. அரக்குத் தட்டின் பள்ளம் அகன்றது. அதற்குத் தனி ஊசி வேண்டும். பழைய கிராமபோனின் எஃகு முள்ளை வினைல் தட்டின்மேல் ஒருமுறை வைத்தாலும் பாட்டு அழியும்.