எட்டு வயசுல பைஜாமால ஓட்டை... 234 பேருக்கும் ஒரே கதை! பிரிட்டனில் எம்பிபிஎஸ் விண்ணப்பக் கட்டுரை எழுதுவது எப்படி?

தமிழ்நாட்டில் எம்பிபிஎஸ் சீட் என்றால் நீட் மதிப்பெண்தான். பிரிட்டனில் அப்படியில்லை. மதிப்பெண், நுழைவுத் தேர்வு, நேர்காணலோடு 'பர்சனல் ஸ்டேட்மெண்ட்' எனப்படும் சுயவிளக்கக் கட்டுரையும் வேண்டும்.

இதில் மற்றவர் எழுதியதை எடுத்துப் போட்டால் என்ன ஆகும்? 2007-ல் வெளியான ஒரு தகவல் இது. பிரிட்டனின் மாணவர் சேர்க்கை அமைப்பான யூகாஸ், சுமார் 50,000 கட்டுரைகளைச் சோதித்தது. எட்டு வயதில் ரசாயன சோதனை செய்து பைஜாமாவில் ஓட்டை போட்டதாக 234 பேர் எழுதியிருந்தார்கள்! இணையத்தில் இருந்த மாதிரிக் கட்டுரையின் கதை அது.

என்ன கேட்பார்கள்?

2026-ல் படிப்பைத் தொடங்குவோருக்கான விண்ணப்பத்தில் இருந்து, ஒரே நீளக் கட்டுரைக்குப் பதில் 3 கேள்விகள்:

1. இந்தப் படிப்பு ஏன் வேண்டும்?
2. இதுவரை படித்தது இதற்கு எப்படித் தயார்படுத்தியது?
3. படிப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள், அது ஏன் பயன்படும்?

மூன்றுக்கும் சேர்த்து, இடைவெளி உட்பட 4,000 எழுத்துகள்தான். ஒவ்வொரு பதிலிலும் குறைந்தது 350 எழுத்துகள் இருக்க வேண்டும்.

எங்கே சறுக்குகிறார்கள்?

'சின்ன வயசுல இருந்தே டாக்டர் ஆகணும்னு ஆசை' என்று பலரும் தொடங்குவார்கள். அதில் உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. 'முதியோர் இல்லத்தில் 2 வாரம் சேவை செய்தேன்' என்பதும் வெறும் பட்டியல்தான்.

'காது சரியாகக் கேட்காத பாட்டியிடம் சத்தமாகப் பேசிப் பார்த்தேன், பலனில்லை. எதிரில் உட்கார்ந்து மெதுவாகப் பேசியதும் புரிந்துகொண்டார்' என்று எழுதினால், நீங்கள் கற்றுக்கொண்டது தெரியும். என்ன செய்தீர்கள் என்பதை விட, அதில் என்ன புரிந்தது என்பதே முக்கியம். நோயாளியின் பெயரையோ அடையாளத்தையோ எழுதவே கூடாது.

ஏஐ எழுதித் தந்தால்?

அதை அப்படியே சொந்த எழுத்தாக அனுப்புவது ஏமாற்று வேலையாகக் கருதப்படலாம் என்கிறது யூகாஸ். மற்ற கட்டுரைகளோடு ஒத்துப்போகிறதா என்று மென்பொருள் பார்க்கும். சிக்கினால் பல்கலைக்கழகத்துக்குத் தகவல் போகும். முடிவெடுப்பது பல்கலைக்கழகம். எழுதியதைப் பற்றி நேர்காணலில் கேள்வியும் வரலாம். செய்யாததை எழுதியிருந்தால் அங்கே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கடைசி நாள் எப்போது?

பெரும்பாலான மருத்துவப் படிப்புகளுக்கு, சேரும் ஆண்டுக்கு முந்தைய ஆண்டின் அக்டோபர் 15. மருத்துவத்துக்கு அதிகபட்சம் 4 இடங்களுக்கே விண்ணப்பிக்கலாம். நான்குக்கும் போவது ஒரே கட்டுரை. அனுப்பிய பிறகு மாற்றவும் முடியாது. நான்கும் கைவிட்டுப் போனால் பலருக்கு ஒரு வருடக் காத்திருப்புதான். அதனால் கோடை விடுமுறையிலேயே முதல் வரைவை எழுதி, ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்வது நல்லது.