பார்சிபாகான் சந்தும் எங்கள் வீட்டுப் பூட்டும்

மலர்க்குழு அன்பர்கள் இந்த ஆண்டு என்னிடம் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போல் கல்வெட்டு பற்றியோ சமணக் குகைகள் பற்றியோ எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். இந்தத் தடவை நாம் பிழைக்க வந்த இந்தக் கொல்கத்தாவிலேயே நடந்த ஒரு சரித்திரத்தை எழுதுகிறேன். நான் படித்த படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. தொழில் ஆரணிப் பட்டுப்புடவை வியாபாரம். மனோதத்துவம் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், கட்டுரையின் பின்பகுதியில் பதில் இருக்கிறது.

ராஜாபஜார் சயன்ஸ் காலேஜ் பக்கத்தில் பார்சிபாகான் சந்து என்று ஒன்று உண்டு. அங்கே 14ஆம் எண் வீட்டில் வாழ்ந்தவர் டாக்டர் கிரீந்திரசேகர் போஸ். தந்தை சந்திரசேகர் போஸ், தர்பங்கா மகாராஜாவிடம் திவானாக இருந்தவர். அண்ணன்மாரில் ஒருவர் ராஜசேகர் போஸ். 'பரசுராம்' என்ற பெயரில் நகைச்சுவைக் கதைகள் எழுதியவர் என்றால் வங்காளிகள் எல்லோருக்கும் தெரியும்.

கிரீந்திரர் பிரசிடென்சி கல்லூரியில் ரசாயனம் படித்து, 1910இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் பெற்றார். இளம் வயதிலேயே ஹிப்னாடிசத்தில் நாட்டம். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1916இல் மனோதத்துவத்துக்கென்று தனித்துறை தொடங்கியதும், டாக்டராகத் தொழில் செய்துகொண்டே மறுபடி மாணவராகி அதிலும் எம்.எஸ்.சி. முடித்தார். 1921இல் மனம் சில ஆசைகளை உள்ளே அமுக்கி வைப்பது பற்றி ஆராய்ந்து டி.எஸ்.சி. பட்டம் வாங்கினார். இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று மனோதத்துவத்தில் கொடுத்த முதல் டாக்டர் பட்டம் அதுவே என்பது குறிப்பிடத்தக்கது.

அந்த நூலை வியன்னாவில் இருந்த ஃபிராய்டுக்குத் தபாலில் அனுப்பினார். அவ்வளவு தூரத்து நாட்டில் தம் கொள்கையை இத்தனை ஆழமாகப் படித்தவர் ஒருவர் இருக்கிறாரே என்று ஃபிராய்டு வியந்து பதில் போட்டார். அன்று தொடங்கிய கடிதப் போக்குவரத்து 1937 வரை நடந்தது. இருவரும் ஒருமுறைகூட நேரில் சந்திக்கவில்லை. ஃபிராய்டின் முகத்தையே பார்க்காமல், ஜதீந்திரகுமார் சென் என்ற ஓவியரைக் கொண்டு கற்பனையாக அவர் படத்தை வரையச்சொல்லி அனுப்பியிருக்கிறார் போஸ்! 1931இல் ஃபிராய்டின் 75ஆம் பிறந்தநாளுக்குத் தந்தத்தில் செய்த விஷ்ணு சிலை ஒன்று கல்கத்தாவிலிருந்து போயிற்று. அதை அவர் தம் மேஜைமேல் வைத்துக்கொண்டார்.

1922இல் பார்சிபாகான் வீட்டில் இந்திய மனப்பகுப்பாய்வுச் சங்கம் பிறந்தது. தொடக்க உறுப்பினர் 15 பேர். அதில் இருவர் ஆங்கிலேயர். ஒருவர் ராஞ்சியில் ஐரோப்பியருக்கான மனநோய் மருத்துவமனையை நடத்திய பர்க்லி ஹில். போஸ் 1953இல் காலமாகும்வரை அவரே சங்கத்தின் தலைவர்.

குரு சொன்னதற்கெல்லாம் தலையாட்டிய சீடர் அல்ல போஸ். மனத்தில் ஓர் ஆசை எழுந்தால் அதற்கு நேர் எதிரான ஆசையும் கூடவே எழுகிறது என்பது அவர் கொள்கை. ஒன்று மேலே தெரியும், மற்றது உள்ளே அமுங்கும். அடிக்க வேண்டும் என்ற ஆசைக்குள் அடிபடும் ஆசையும் ஒளிந்திருக்கிறது. சீசா பலகையில் ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்குவதைப் போல. அமுங்கிய ஆசையை நோயாளியே அடையாளம் கண்டு, எதிராளியின் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்துவிட்டால் முடிச்சு அவிழும் என்றார். நான் வியாபாரி, எனக்கு இது தராசாகத் தோன்றுகிறது. கடன் வாங்கியவனைக் கண்டபடி திட்டுகிறவனுக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருக்கிறது, நாளைக்கு நாமும் இப்படி நிற்போமோ என்று. கடைவீதியில் இருப்பவர்களுக்கு இது விளங்கும்.

ஃபிராய்டுக்கு இந்தக் கொள்கை முழுத் திருப்தி அளிக்கவில்லை. தட்டையாக இருக்கிறது என்கிற மாதிரி எழுதினார். போஸும் விடவில்லை. ஐரோப்பிய நோயாளிகளிடம் நீங்கள் கண்டதெல்லாம் என் வங்காளி நோயாளிகளிடம் அப்படியே இல்லை என்று பதில் எழுதினார். வெள்ளையர் ஆட்சிக்காலத்தில், வைத்தியம் செய்து கண்ட அனுபவத்தை வைத்து ஓர் இந்தியர் இப்படி வாதாடியது சின்ன விஷயமா?

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. நம்முடைய மலர்க் கட்டுரைகளில் 'இதெல்லாம் நம் முன்னோர் அன்றே சொன்னது' என்று முடித்துவிடும் பழக்கம் உண்டு. நானும் அப்படி எழுதியவன்தான். எங்கள் சமண நூல்கள் கோபம், மானம், மாயம், லோபம் என நான்கு கஷாயங்களைச் சொல்லி, ஒவ்வொன்றையும் நான்கு தரமாகப் பிரிக்கின்றன. கோபம் கல்லில் கிழித்த கோடு போலவும் இருக்கும், மண்ணில், மணலில், நீரில் கிழித்த கோடு போலவும் இருக்கும். உணர்ச்சியை இவ்வளவு நுட்பமாக அளந்தது பெருமைதான். ஆனால் அது எல்லா மனிதருக்கும் சொன்ன ஒழுக்கக் கணக்கு. நோய்க்கு எழுதிய மருந்துச்சீட்டு அல்ல. போஸ் கீதைக்கு வங்காளியில் உரை எழுதினார், புராணங்களை ஆராய்ந்தார். இருந்தும் வந்த நோயாளியிடம் சுலோகம் சொல்லி அனுப்பிவிடவில்லை.

இந்த வித்தியாசம் தெரியாமல் நான் செய்த தவறைச் சொல்கிறேன். என்னை 1982இல் கல்கத்தாவுக்கு அழைத்து வந்தவர் என் அண்ணன். 1991இல் அவருக்கு யாரோ காதில் பேசுவதுபோல் கேட்க ஆரம்பித்தது. கடைக்கு வருவதை நிறுத்தினார். ராத்திரி எல்லாம் தூங்கமாட்டார். பெரியவர்கள் 'முன்வினை' என்றார்கள். அண்ணன் மகளுக்கு வரன் பார்க்கும் நேரம். வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? பின்கட்டு ரூமில் அவரை வைத்துப் பூட்டினோம். பூட்டுப் போட்டவன் நான்தான். சாவி என் இடுப்பில் இருந்தது. சாப்பாடு கொண்டுபோகும்போது, "தம்பி, கடை திறந்தாச்சா?" என்று மட்டும் கேட்பார். ஒன்றரை வருஷம்!

புடவை வாங்க வரும் வங்காளி டீச்சரம்மா ஒருவர் விஷயத்தை எப்படியோ தெரிந்துகொண்டார். "ஜுரம் வந்தால் பூட்டியா வைப்பீர்கள்? ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்குங்கள்" என்றார். அண்ணியும் நானும் அழைத்துப் போனோம். மற்ற நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்தோம். மாத்திரை கொடுத்தார்கள். சில மாதங்களில் அண்ணன் மறுபடி புடவை மடிக்க உட்கார்ந்தார். 2014இல் காலமாகும்வரை மாத்திரையும் கடையும் கூடவே இருந்தன.

பிறகு காலேஜ் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடையில் போஸ் எழுதிய 'ஸ்வப்ன' என்ற வங்காளி நூல் கைக்கு வந்தது. கடைப் பலகைகளைப் பார்த்துக் கற்ற வங்காளியை வைத்துத் தட்டுத்தடுமாறிப் படித்தேன். அப்போதுதான் அவர் வரலாற்றைத் தேடினேன். நாங்கள் உட்கார்ந்த அந்த பெஞ்சுக்கும் ஒரு சரித்திரம் உண்டு என்று தெரிந்தது.

1912ஆம் ஆண்டு இந்திய லூனசி சட்டப்படி மனநோயாளியைப் பெரும்பாலும் மாஜிஸ்திரேட் உத்தரவோடுதான் மருத்துவமனையில் சேர்ப்பார்கள். ஏறக்குறைய ஜெயில் மாதிரி. அந்தக் காலத்தில், 1933இல் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் (இன்றைய ஆர்.ஜி.கர்) மனநோய்க்கு வெளிநோயாளிப் பிரிவு தொடங்கினார் போஸ். பொது மருத்துவமனை ஒன்றில் இப்படி ஒரு பிரிவு இந்தியாவில் அதுவே முதல். காய்ச்சல்காரர் வரும் அதே வாசல் வழியாக மனநோயாளியும் வரலாம், மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கும் போகலாம். 1940இல் அண்ணன் ராஜசேகர் கொடுத்த வீட்டில், தில்ஜலாவில், லும்பினி பார்க் மருத்துவமனையைச் சங்கம் மூன்றே படுக்கைகளோடு தொடங்கியது. இன்று அது அரசு மருத்துவமனை. அந்தத் தெருவுக்கே போஸ் பெயர். தம்பி செய்யும் வைத்தியத்துக்கு வீடு கொடுத்த அண்ணனைப் பற்றிப் படித்தபோது, எனக்கு வாழ்வு கொடுத்த அண்ணனை நான் வைத்திருந்த ரூம் ஞாபகம் வந்தது.

போஸின் எதிர் ஆசைக் கொள்கையை இன்று பின்பற்றுவோர் குறைவு. என் அண்ணனுக்கு வந்ததுபோன்ற கடுமையான நோய்க்கு மனப்பகுப்பாய்வு மட்டும் போதாது, மருந்து வேண்டும் என்பதும் 1950களுக்குப் பிறகு தெளிவாகிவிட்டது. கொள்கை பழசானாலும் அவர் திறந்த வாசல் பழசாகவில்லை.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அன்று பேப்பரைப் படித்துவிட்டு நான் கடை திறக்கவில்லை. எங்கள் வீட்டு ரூமில் தீப்பிடித்திருந்தால்? 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. வீட்டுக்குள் நாம் போடும் பூட்டை எந்த இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார்?

அன்பர்களே, ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு மானம் பெரிதுதான். மானத்தையும் எங்கள் நூல்கள் நான்கு கஷாயத்தில் ஒன்றாகத்தான் வைத்திருக்கின்றன. உங்கள் வீட்டில் யாராவது தூக்கம் கெட்டு, பேச்சு குறைந்து, தனியே ஒதுங்கினால் ஜாதகத்தை எடுக்கும் முன் ஆஸ்பத்திரி சீட்டை எடுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் சங்கத்தில் சொல்லி அனுப்புங்கள், நான் வருகிறேன். அந்தப் பழைய சாவி இன்னும் என் கல்லாப்பெட்டியில் இருக்கிறது. தினம் கடை திறக்கும்போது கண்ணில் படட்டும் என்றே வைத்திருக்கிறேன்.